ஏரி இயற்கையா, செயற்கையா? வாழிடங்களை வகை பிரிக்கும் முறை

வேடந்தாங்கல் ஏரியை வாழிடப் பட்டியலில் சேர்க்க உட்காருபவருக்கு முதல் கட்டத்திலேயே பேனா நின்றுவிடும். படிவத்தில் ‘இயற்கை’, ‘செயற்கை’ என்று இரண்டு கட்டங்கள். எதில் குறி போடுவது? சுமார் 30 ஹெக்டேர் பரப்புள்ள அந்த நீர்நிலை பாசனத்துக்காகக் கரை போட்டு உண்டாக்கிய ஏரி. வயலுக்கு நீர் விட மதகும், மிகுந்த நீர் வழிய கலங்கலும் உள்ள இடத்தை இயற்கை என்று எழுதக் கை வராது. ஆனால் அதன் நீரில் நிற்கும் நீர்க்கடம்பு மரங்களில் கூடு கட்டும் நத்தைகுத்தி நாரையும் கரண்டிவாயனும் அரிவாள் மூக்கனும் நீர்க்காகமும் யாரும் வளர்த்து விட்டவை அல்ல. 18ஆம் நூற்றாண்டின் கடைசி ஆண்டுகளில், லயனல் பிளேஸ் கலெக்டராக இருந்த காலத்திலேயே, இந்தப் பறவைகளைச் சுடக் கூடாது என்று ஊர்க்காரர்கள் அரசிடமிருந்து எழுதி வாங்கிவிட்டார்கள். பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் பாய்ந்தால் பயிர் செழிக்கும் என்பது அவர்கள் கண்ட கணக்கு. 2022இல் இதே ஏரி உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறியது. ‘செயற்கை’ என்று குறி போட்டால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலான பறவை வரலாறு அந்தச் சொல்லுக்குள் அமுங்கிப்போகும். ‘இயற்கை’ என்று போட்டால் கரையையும் மதகையும் பார்த்துக்கொண்ட கைகள் மறைந்துபோகும்.

தவறு ஏரியிடம் இல்லை, கேள்வியிடம்தான் இருக்கிறது. ‘இயற்கையா, செயற்கையா’ என்ற ஒற்றைக் கேள்விக்குள் மூன்று வேறு கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. இந்த இடம் இப்போது எப்படி இருக்கிறது? எப்படி உண்டானது? எதனால் இப்படியே நீடிக்கிறது? இவற்றை நிலை, பிறப்பு, பிழைப்பு என்று மூன்று தனிக் கட்டங்களாகப் பிரித்து எழுதினால் நிலத்திலும் கடலிலும் உள்ள எந்த வாழிடத்தையும் குழப்பமில்லாமல் வகைப்படுத்தலாம் என்பதே இந்த அத்தியாயத்தின் வாதம். ஊராட்சிப் பல்லுயிர் மேலாண்மைக் குழுவில் இருந்து மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுதுபவர், பள்ளி இயற்கை மன்றம் நடத்தும் ஆசிரியர், பறவைக் கணக்கெடுப்புக்குப் போகும் இளைஞர் ஆகியோரை மனத்தில் வைத்து இது எழுதப்படுகிறது. பட்டியலை மனப்பாடம் செய்வதைவிடப் பட்டியல் எங்கே உதவும், எங்கே கைவிடும் என்று தெரிந்திருப்பது இவர்களுக்குப் பயன்படும்.

கையில் இருக்கும் பட்டியல்கள்

உலக அளவில் அதிகம் புழங்குவது பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் தன் சிவப்புப் பட்டியலுக்காக வகுத்த வாழிட வரிசை. அதில் 18 தலைப்புகள். காடு, மரப்புல்வெளி, புதர்க்காடு, புல்வெளி, உள்நாட்டு ஈரநிலம், பாறை நிலம், குகை, பாலைவனம் என்று முதல் எட்டும் நிலத்தைச் சேர்ந்தவை. 9 முதல் 13 வரை கடலும் கடலோரமும். 14 நிலத்தில் உள்ள செயற்கை வாழிடங்கள்: உழவு நிலம், மேய்ச்சல் நிலம், தோட்டப்பயிர், கிராமத்துத் தோட்டம், நகரம் போன்றவை. 15 நீரில் உள்ள செயற்கை வாழிடங்கள்: நீர்த்தேக்கம், குட்டை, மீன் பண்ணை, உப்பளம், கல்வெட்டிய குழி, கழிவுநீர்த் தேக்கம், கால்வாய், துறைமுகச் சுவர் எனப் பல. 16 வெளியிலிருந்து வந்த தாவரங்கள் மூடிய நிலம். கடைசி இரண்டும் ‘மற்றவை’, ‘தெரியாதவை’. 1971இல் ஈரானின் ராம்சர் நகரில் கையெழுத்தான ஒப்பந்தம் ஈரநிலங்களை மட்டும் எடுத்துக்கொண்டு 42 வகைகளாகப் பிரிக்கிறது. கடல், கடலோரம் சார்ந்தவை 12, உள்நாட்டைச் சேர்ந்தவை 20, மனிதர் உண்டாக்கியவை 10. இந்தியக் காடுகளுக்கு வனத்துறை இன்றும் கையில் வைத்திருப்பது 1968இல் சாம்பியனும் சேத்தும் திருத்தி வெளியிட்ட வகைப்பாடு. மழை, வெப்பம், மரக்கூட்டம் ஆகியவற்றை வைத்து அது காட்டைப் பிரிக்கிறது.

ஊரில் பதிவேடு எழுதுபவர் கையில் முதலில் கிடைப்பது இவை எதுவும் அல்ல, வருவாய்த்துறைக் கணக்கு. ஏரி, ஓடை, மேய்க்கால் புறம்போக்கு, கல்லாங்குத்து, தரிசு என்று அது பேசும். அந்தச் சொற்கள் நிலம் யாருக்கு உரியது, எதற்குப் பயன்படுகிறது, வரி உண்டா என்பதைச் சொல்லும். அங்கே என்ன வாழ்கிறது என்பது அந்தக் கணக்கின் வேலை இல்லை. ‘கல்லாங்குத்து’ என்று ஒதுக்கிய இடம் கொம்பன் ஆந்தை முட்டையிடும் பாறைச் சரிவாக இருக்கலாம். ‘தரிசு’ என்று எழுதிய இடம் ஆள்காட்டியும் முயலும் வெட்டவெளிப் பல்லிகளும் வாழும் புல்வெளியாக இருக்கலாம். வருவாய்க் கணக்கை எல்லை தெரிந்துகொள்ள வைத்துக்கொள்ளுங்கள். அதன் சொல்லை அப்படியே வாழிடத்தின் பெயராக எழுதிவிட்டால், ‘தரிசு’ என்ற ஒரு சொல்லே நாளை அந்த இடத்தில் மரம் நடவோ மின்தகடு பரப்பவோ போதுமான காரணமாகிவிடும்.

நமக்குச் சொந்தமாகத் திணைப் பாகுபாடு இருக்கிறதே என்று கேட்கலாம். அதிலிருந்து இரண்டு பாடங்களைத் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம். மருதம் என்பது ஆற்றுநீரைத் திருப்பி வரப்புக் கட்டி மனிதர் ஆக்கிய நிலம். ஆனாலும் குறிஞ்சிக்குச் சொன்னதுபோலவே மருதத்துக்கும் விலங்கும் பறவையும் மரமும் கருப்பொருளாகச் சொல்லப்பட்டன. மனிதக் கை பட்டது என்பதற்காக அது ஒரு படி இறக்கி வைக்கப்படவில்லை. இரண்டாவது, பாலை தனி நிலமாகப் பிறப்பதில்லை, முல்லையும் குறிஞ்சியும் வெம்மையில் திரிந்து அடையும் வடிவம் அது என்ற விளக்கம் சிலப்பதிகாரத்தில் உண்டு. நிலையும் இடமும் ஒன்றல்ல என்ற தெளிவு அதில் இருக்கிறது. ஆனால் கடலுக்கு வந்தால் திணை நமக்குப் போதாது. கடலும் கடல் சார்ந்த இடமும் எல்லாமே நெய்தல். கடற்புல் மேடும் பவளப் பாரும் சேற்றுத் தரையும் அந்த ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடும்.

நிலை: கண்ணுக்குத் தெரிவதை எழுதுவது

முதல் கட்டத்தில் இடத்தின் கதையை எழுத வேண்டாம், உடம்பை எழுதுங்கள். நீர் உண்டா, எத்தனை மாதம், எவ்வளவு ஆழம்? தரை மண்ணா, மணலா, சேறா, பாறையா? தாவரங்கள் எவ்வளவு உயரம், எவ்வளவு அடர்த்தி? விலங்குக்குத் தெரிவது இவைதான். கோயில் மண்டபத்தின் இருண்ட மூலையில் தொங்கும் வௌவாலுக்கு அது குகை. கைவிட்ட கல் குவாரியின் செங்குத்துச் சுவர் கொம்பன் ஆந்தைக்கு மலைச்சரிவு. வெட்டியது யார், எந்த ஆண்டு என்பது அவற்றின் கணக்கில் வராது.

பெயரை நம்பி நிலையை எழுதுவது நம் ஊரில் அடிக்கடி நடக்கும் பிழை. ஒன்றியத்தின் வரிசையில் செயற்கை நீர்நிலைகளுக்கு 8 ஹெக்டேர் என்பது ஓர் எல்லைக்கோடு. ஏறக்குறைய 20 ஏக்கர். அதற்கு மேல் நீர்த்தேக்கம், அதற்குக் கீழ் குட்டை. வட மாவட்டத்துக்காரர் இதைப் படித்ததும் ‘ஏரி, குளம்’ என்று மொழிபெயர்த்துக்கொள்வார். திருநெல்வேலிக்குப் போனால் அது பொய்த்துவிடும். அங்கே நூற்றுக்கணக்கான ஏக்கர் பாசன நீர்நிலையும் குளம்தான்; பறவைகளுக்குப் பேர்போன கூந்தன்குளமே சாட்சி. மதுரை, சிவகங்கை, இராமநாதபுரம் பக்கம் அதுவே கண்மாய். குடிநீருக்கு வெட்டியது ஊருணி. எனவே ஊர் வழங்கும் பெயரை ஒரு பத்தியிலும், அளந்த பரப்பையும் ஆழத்தையும் அடுத்த பத்தியிலும் எழுத வேண்டும். ஊர்ப்பெயரை விட்டுவிடக் கூடாது. அந்த நீர் எதற்காக நிறுத்தப்பட்டது என்ற செய்தி பெயரில்தான் ஒளிந்திருக்கிறது.

ஒரு கண்மாய் ஒரே வாழிடமும் அல்ல. கரையின் மேலிருந்து உள்ளே இறங்கிப் பார்த்தால் அடுக்கடுக்காகத் தெரியும். கரைச் சரிவில் கல் அடுக்கிய இடுக்குகளில் ஓணானும் பாம்பும். கல் இல்லாத மண் சரிவில் வளை தோண்டி முட்டையிடும் மீன்கொத்தி. மடைக்கு அருகே ஆழ்ந்த நீரில் முக்குளிப்பான். நடுவில் நிற்கும் கருவேல மரங்களில் நாரையும் கொக்கும். நீர் பிடிக்கும் பகுதியின் ஓரத்தில், கணுக்கால் ஆழத்தில், குளிர்காலத்தில் வரும் உள்ளான்கள். பங்குனி, சித்திரையில் தண்ணீர் வற்றியதும் இந்த அடுக்குகள் இடம் மாறும். வெடித்த சேற்றுத் தரை ஆள்காட்டி முட்டையிடும் வெட்டவெளியாகிறது. விரால் மீனும் நன்னீர் ஆமையும் அந்தச் சேற்றுக்கு அடியில் அடுத்த மழைவரை காத்திருக்கின்றன. ‘வறண்ட கண்மாய்’ என்று எழுதி அந்த மாதங்களை வெற்றுக் கட்டமாக விட்டுவிட்டால், தூர்வாரும் இயந்திரம் எந்த மூலையில் தொடங்க வேண்டும், எந்த மூலையை விட்டுவைக்க வேண்டும் என்று சொல்ல நம்மிடம் எதுவும் இருக்காது.

பிறப்பு: தோற்றத்தை நம்பாமல் சான்றைத் தேடுவது

பிறப்பைக் கண்ணால் பார்த்துச் சொல்லிவிட முடியாது என்பதற்கு நீலகிரி நல்ல பாடம். மேல்மலையில் மடிப்புகளில் சோலையும், அவற்றைச் சுற்றிய மேடுகளில் புல்வெளியும் மாறி மாறி இருக்கும். வெள்ளையர் ஆட்சிக் காலத்திலிருந்து வெகுநாள் வரை, மரமில்லாத அந்த மேடுகள் மனிதர் தீ வைத்தும் மாடு மேய்த்தும் காட்டை அழித்ததால் உண்டானவை, அதனால் பயனற்றவை என்ற எண்ணம் வலுவாக இருந்தது. அந்த எண்ணத்தின்மேல்தான் சீகை, தைலமரம், பைன் ஆகியவற்றின் தோட்டங்கள் எழுந்தன. 20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குப் பிறகு தோல் பதனிடும் பட்டைக்காகச் சீகை பெருமளவில் நடப்பட்டது. 1993இல் சுகுமாரும் உடன் ஆய்வாளர்களும் நீலகிரியின் சதுப்புப் படிவுகளில் உள்ள கரிம ஐசோடோப்புகளை ஆராய்ந்து முடிவுகளை வெளியிட்டார்கள். கடந்த 20,000 ஆண்டுகளில் பருவமழை வலுத்தபோதும் குன்றியபோதும் மரங்களும் புல்லும் அங்கே மாறி மாறிக் கை ஓங்கியிருக்கின்றன. மனிதர் கோடரியும் தீப்பந்தமுமாக ஏறுவதற்கு நெடுங்காலம் முன்பே புல் அங்கே இருந்தது. ஆக, பார்வைக்கு ‘அழிந்த காடு’ போலத் தெரிந்தது பழமையான இயற்கை வாழிடம். பார்வைக்குப் பச்சைக் காடாகத் தெரியும் சீகைத் தோப்புதான் செயற்கை. வரையாடும் நீலகிரி நெட்டைக்காலியும் நம்பியிருப்பது புல்லை. தோப்பின் நிழலில் அவற்றுக்கு வேலை இல்லை.

இங்கே பட்டியல் காட்டும் ஒரு நுட்பத்தையும் கவனிக்க வேண்டும். வரிசை போட்டு நட்ட சீகை 14ஆம் தலைப்பில் தோட்டமாக நிற்கும். அங்கிருந்து விதை சிதறி, யாரும் நடாமலே பக்கத்துப் புல்வெளியில் ஏறிய சீகை 16ஆம் தலைப்பில் வந்தேறித் தாவரமாகிவிடும். மரம் ஒன்றுதான், ஆனால் முன்னதை வெட்டுவது ஒரு நாள் முடிவு, பின்னதைக் கட்டுப்படுத்துவது பல ஆண்டு வேலை. சமவெளியில் சீமைக்கருவேலத்துக்கும் இதே கண்ணோட்டம் பொருந்தும்.

கடலோரத்துக்கு வந்தால் சென்னை மெரினா இன்னும் வேடிக்கையான சான்று. பார்வைக்கு அதைவிட இயற்கையான மணற்கரை ஏது? ஆனால் அதன் இன்றைய அகலம் துறைமுகத்தின் கொடை. ஆண்டின் பெரும்பகுதியில் இந்தக் கரையோரமாக மணல் தெற்கிலிருந்து வடக்கே நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் துறைமுகச் சுவர் கடலுக்குள் நீண்டதும் மணல் தெற்குப் பக்கம் தேங்கி மெரினா விரிந்தது. வடக்கே மணல் வரத்து குறைந்து இராயபுரம் பக்கக் கரை அரித்தது. இன்று பங்குனி ஆமை முட்டையிட ஏறும் கரைகளில் மெரினாவும் ஒன்று. நிலைக் கட்டத்தில் ‘மணற்கரை’ என்று எழுதுங்கள். பிறப்புக் கட்டத்தில் ‘துறைமுகத்தால் வளர்ந்தது’ என்று எழுதுங்கள். இரண்டும் உண்மை, ஒன்று மற்றொன்றை ரத்து செய்யாது. இரண்டாவது கட்டம் இல்லாவிட்டால் வடக்கே இழந்த கரை நம் கணக்கில் வராமலே போய்விடும்.

பிழைப்பு: கையை எடுத்தால் என்ன ஆகும்?

மூன்றாவது கட்டத்தை நிரப்ப எளிய சோதனை ஒன்று போதும். மனிதர் பத்து ஆண்டு கையை எடுத்துவிட்டால் இந்த இடம் என்ன ஆகும்? ஏரிக்கரை எங்கோ உடையும், வரத்துக்கால் தூர்ந்துபோகும், நீர் நிற்காது, கொக்குகள் இடம் மாறும். நெல்வயலில் நீர் கட்டுவதை நிறுத்தினால் தவளையும் நண்டும் அவற்றைத் தின்ன வந்த கொக்கும் போகும். கோடியக்கரைப் பக்க உப்பளங்களில் வேலை நின்றால் பாத்திகள் மெல்லச் சேற்றுவெளிக்குத் திரும்பும். சோலையில் இருந்து கையை எடுத்தால் சோலை அப்படியே இருக்கும். சீகைத் தோப்பில் கையை எடுத்தால் சீகை இன்னும் பரவும். செயற்கைப் பிறப்பு உள்ளவை எல்லாம் பராமரிப்பால் பிழைப்பவை அல்ல என்பதை இந்தக் கடைசி எடுத்துக்காட்டு காட்டுகிறது. அதனால்தான் பிறப்பும் பிழைப்பும் தனித்தனிக் கட்டங்களாக வேண்டும்.

உப்பளத்தை அருகே போய்ப் பார்த்தால் இந்தக் கட்டத்தின் பயன் விளங்கும். கடல்நீர் முதலில் நிற்கும் அகன்ற பாத்திகளில் உப்பு குறைவு. மீனும் இறாலும் இருக்கும், அவற்றைத் தேடி நாரைகள் வரும். அடுத்தடுத்த பாத்திகளில் நீர் வற்றி உப்பு கூடும்போது மீன் தாங்காது. உப்பு நீரைத் தாங்கும் சிறு இறால்களும் நுண்பாசியும் பெருகும். பூநாரை தலைகீழாக அலகை வைத்து அலசுவது இத்தகைய நீரைத்தான். உப்பு பூக்கும் கடைசிப் பாத்தியில் பறவைக்கு ஏறக்குறைய ஒன்றும் இல்லை. எந்தப் பாத்தியில் எத்தனை நாள் நீர் நிற்கும் என்பதை உப்பு விலையும் வேலை நாளும் முடிவு செய்கின்றன. அதாவது அங்கே பூநாரையின் உணவு ஒரு தொழிலின் கால அட்டவணையில் தொங்குகிறது. ‘செயற்கை வாழிடம்’ என்று மட்டும் எழுதினால் இது தெரியாது. ‘உப்பு உற்பத்தியால் நீடிக்கிறது’ என்று எழுதினால், உற்பத்தி முறை மாறும் நாளில் பறவைக்கு என்ன ஆகும் என்று கேட்கத் தோன்றும்.

பிச்சாவரம் இயற்கைக்கும் செயற்கைக்கும் நடுவில் நிற்கும் வகை. அலையாத்திக் காடு அங்கே இயற்கையானது. 1970கள் வரை முறைவைத்து மொத்தமாக வெட்டியதால் மரம் போன இடங்களில் தரை காய்ந்து தாழ்ந்தது, பள்ளத்தில் தேங்கிய கடல்நீர் வற்றி உப்பு ஏறியது, கன்று முளைக்கவில்லை. பின்னாளில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து மீன்முள் வடிவில் கால்வாய்கள் வெட்டி, ஓதநீர் வந்து போக வழி செய்து கன்று நட்டார்கள். காடு திரும்பியது. இதை இயற்கை என்பதா, செயற்கை என்பதா? நிலை: ஓத அலையாத்திக் காடு. பிறப்பு: இயற்கை, வெட்டப்பட்டு மீட்கப்பட்டது. பிழைப்பு: கால்வாய் தூர்ந்துபோகாமல் இருக்கும் வரை ஓதநீர். மூன்று வரிகளில் சிக்கல் தீர்கிறது.

கடலுக்குள் இறங்கும்போது

கடலை வகைப்படுத்த முதல் அளவுகோல் ஆழம், அடுத்தது தரை. அலை எட்டாத கடலோர மேடு, ஓதம் ஏறி இறங்கும் இடைப்பட்டை, அதிலிருந்து சுமார் 200 மீட்டர் ஆழம் வரையிலான திட்டுக்கடல், அதற்கு அப்பால் திறந்த பெருங்கடல், அடியில் ஆழ்கடல் தரை என்பது ஒன்றியத்தின் அடுக்கு. தமிழகக் கரையில் ஓத ஏற்ற இறக்கம் ஏறக்குறைய ஒரு மீட்டர் அளவே. ஆகவே சரிவான கரைகளில் இடைப்பட்டை மிகக் குறுகல். தட்டையான முத்துப்பேட்டை, கோடியக்கரைச் சேற்றுவெளிகளில்தான் அது அகன்று கிடக்கிறது. வங்காளக் கரைக்கு எழுதிய விளக்கத்தை இங்கே அப்படியே பொருத்தினால் இல்லாத சேற்றுவெளியைத் தேட நேரும்.

தரையைப் பிரிக்க மீனவர் சொற்களே போதும். சேறு, மணல், பார். பார் என்றால் கடலடியில் உயர்ந்து நிற்கும் பாறை. முத்துச்சிப்பி படிந்தால் முத்துப் பார். எந்தத் தரையில் எந்த வலை கிழியும், எந்த மீன் படும் என்ற அறிவு அந்தச் சொற்களில் படிந்திருக்கிறது. மன்னார் வளைகுடாவில் தூத்துக்குடிக்கும் இராமேஸ்வரத்துக்கும் இடையே உள்ள 21 தீவுகளையும் சுற்றியுள்ள பவளப் பார்களையும் 1986இல் கடல்சார் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். சுண்ணாம்புக்காகப் பவளம் வெட்டியதில் அலைத்தடுப்பு போய், அவற்றில் சில தீவுகள் கடலில் மூழ்கியே விட்டன. அரித்துக்கொண்டிருந்த வான் தீவின் முன்னால் துளையிட்ட கான்கிரீட் கட்டமைப்புகளை இறக்கி அலையின் வேகத்தைக் குறைக்கும் பணி நடந்தது. அவற்றின்மேல் பவளமும் மீனும் குடியேறுகின்றன. இதற்கு எந்தக் கட்டம்? நிலை: பார் போன்ற கடினத் தரை. பிறப்பு: கான்கிரீட். ‘பவளப் பார்’ என்று எழுதிவிட்டால் இழந்த பவளம் திரும்பிவிட்டதாக ஒரு பொய்க்கணக்கு பிறக்கும்.

செயற்கைப் பாரில் மீன் கூடுவதைப் பார்த்து மீன் பெருகிவிட்டது என்று முடிவுகட்டுவதும் பிழை. கூடிய மீன் அங்கே பெருகியதா, சுற்றுவட்டாரத்து மீன் அங்கே வந்து திரண்டதா என்பது கடலியலாளரிடையே நெடுநாள் விவாதம். வெறுமனே திரண்டால் அவற்றைப் பிடிப்பதும் எளிதாகிவிடும். அதனால் ‘மீன் உண்டு’ என்பதோடு நிற்காமல் குஞ்சு உண்டா, பல அளவு மீன்கள் உண்டா என்று எழுத வேண்டும். கரை அரிப்பைத் தடுக்கப் பாறாங்கல் கொட்டும் தூண்டில் வளைவுக்கும் இதே எச்சரிக்கை. மணல் மட்டுமே இருந்த கரையில் அது பாறைக்கரை உயிர்களைக் கொண்டுவரும். கல்லில் சிப்பியும் நண்டும் ஒட்டும். அது ஆதாயம் என்று எழுதும் அதே வரியில், அப்பால் அரித்துப்போன மணலையும் அதில் முட்டையிட முடியாமல் போன ஆமையையும் எழுத வேண்டும். சுனாமிக்குப் பிறகு கடலோரத்தில் நெருக்கி நட்ட சவுக்குத் தோப்புகளுக்கும் இது பொருந்தும். ஆமை முட்டையில் குஞ்சு ஆணா பெண்ணா என்பதை மணலின் வெப்பம் முடிவு செய்கிறது. வேரும் நிழலும் அலைக்கோடு வரை வந்துவிட்டால் மணற்கரை பெயருக்கு மட்டுமே மணற்கரை.

உயிர் அங்கே என்ன செய்கிறது?

இந்த மூன்று கட்டங்களுக்கும் பக்கத்தில் ஒன்றியத்தின் படிவத்திலிருந்து ஒரு பழக்கத்தைக் கடன் வாங்கலாம். ஓர் உயிரை ஒரு வாழிடத்தில் பதியும்போது அது ஆண்டு முழுதும் அங்கே இருக்கிறதா, இனப்பெருக்கக் காலத்தில் மட்டுமா, மற்ற காலத்திலா, போகும் வழியில் தங்குகிறதா என்று அது கேட்கிறது. அந்த இடம் அதற்கு உகந்ததா, ஒப்புக்குச் சமாளிக்கும் இடமா என்றும் கேட்கிறது. வேடந்தாங்கலின் 30 ஹெக்டேர் பறவைகளுக்குப் படுக்கையறையும் தொட்டிலும். சமையலறை வெளியே இருக்கிறது. குஞ்சுக்கு ஊட்டும் மீனும் நத்தையும் தவளையும் சுற்றியுள்ள ஏரிகளிலும் நெல்வயல்களிலும் பிடிக்கப்படுகின்றன. சரணாலயத்தை மட்டும் வாழிடம் என்று எழுதி, வயலை ‘வேளாண் நிலம்’ என்று தள்ளிவிட்டால், வயல்கள் மனையாகும் நாளில் கூடுகள் ஏன் குறைந்தன என்பது யாருக்கும் புரியாது.

மறுப்புகளும் பதில்களும்

மனிதக் கை படாத இடமே இன்று இல்லாதபோது இயற்கை, செயற்கை என்று பிரிப்பதே வீண் என்பது ஒரு மறுப்பு. கை பட்டது என்பதும் கையால் உண்டானது என்பதும் ஒன்றல்ல. ஆடு மேய்ந்த புல்வெளி புல்வெளியாகவே இருக்கிறது. உழுது சிமெண்ட் போட்டால் இல்லை. எல்லாமே செயற்கைதான் என்று சொல்பவர் முடிவில் எதையும் காக்க வேண்டியதில்லை என்ற இடத்தில்தான் போய் நிற்பார். நீலகிரிப் புல்வெளிக்கு 20,000 ஆண்டுச் சான்று இருக்கிறது, சீகைத் தோப்புக்குச் சில பத்தாண்டு. இந்த வேறுபாட்டை அழிக்கும் வகைப்பாடு அறிவைக் குறைக்கும் வகைப்பாடு.

இரண்டாவது மறுப்பு இன்னும் கூர்மையானது. உப்பளமும் குவாரியும் வாழிடம் என்று நாமே எழுதிக்கொடுத்தால், சதுப்பை மூடிவிட்டு வேறிடத்தில் குட்டை வெட்டித் தருகிறோம், கணக்கு சரியாகிவிட்டது என்று சொல்ல ஆள் வருவார். வரத்தான் செய்வார். அவருக்குப் பதில் பிறப்புக் கட்டத்திலும் பிழைப்புக் கட்டத்திலும் இருக்கிறது. பள்ளிக்கரணைச் சதுப்பில் பல பத்தாண்டு குப்பை கொட்டியும் கட்டடம் எழுப்பியும் மீதமிருக்கும் பகுதி இன்றும் மழைநீரை வாங்கித் தாங்குகிறது. அந்தப் பள்ளத்தையும் மண்ணையும் நீர்வழிகளையும் யாரும் செலவு செய்து நடத்தவில்லை. புதிதாக வெட்டும் குட்டையை ஆண்டுதோறும் யாராவது நடத்த வேண்டும். நிலைக் கட்டத்தில் இரண்டும் ‘ஆழமற்ற நன்னீர்’ என்று ஒன்றுபோல் தெரியும். மற்ற இரு கட்டங்களும் அவற்றைச் சமமாக்க விடாது. செயற்கை வாழிடத்தைப் பட்டியலில் சேர்க்காமல் மறைப்பதால் இந்த ஆபத்து குறையாது. மறைத்தால் பாசன ஏரியின் நாரைக்கும் உப்பளத்தின் பூநாரைக்கும் பேச ஆள் இல்லாமல் போவதுதான் மிச்சம்.

ஊர்க்குழுவுக்கு இது மிகையான வேலை என்பது மூன்றாவது மறுப்பு. நியாயம்தான், ஆனால் இங்கே கேட்பது 18 தலைப்புகளையும் 42 வகைகளையும் அல்ல, ஓர் இடத்துக்கு மூன்று வரி. ஒரு கண்மாயை வைத்து எழுதிப் பார்ப்போம். பெயர்: ஊர் வழங்கும் பெயர், எல்லை வருவாய்க் கணக்கின்படி. நிலை: மழைக்குப் பின் ஆறு மாதம் நீர், மடை அருகே ஆள் ஆழம், ஓரத்தில் முழங்கால் ஆழம், நடுவில் நாட்டுக் கருவேலம், மேற்கு ஓரத்தில் சீமைக்கருவேலம். பிறப்பு: பாசனத்துக்கு வெட்டியது, நாட்டுக் கருவேலம் சமூகக் காடுகள் திட்டத்தில் நட்டது, சீமைக்கருவேலம் தானே ஏறியது. பிழைப்பு: வரத்துக்கால் பராமரிப்பும் கலங்கல் மட்டமும். உயிர்கள்: கருவேலத்தில் கொக்குக் கூடு, வடகிழக்குப் பருவமழைக்குப் பின், வெடித்த தரையில் ஆள்காட்டி முட்டை, கோடையில். இதை வைத்துக்கொண்டு சீமைக்கருவேலத்தை எடுக்கும்போது நாட்டுக் கருவேலத்தை விடச் சொல்லலாம், கூடு இருக்கும் மாதங்களைத் தவிர்க்கச் சொல்லலாம், கலங்கல் மட்டத்தைக் குறைக்க வேண்டாம் என்று வாதாடலாம். ‘செயற்கை நீர்நிலை’ என்ற இரண்டு சொற்களால் இவற்றில் ஒன்றையும் சொல்ல முடியாது.

ஒவ்வொரு பதிவின் தலையிலும் தேதி எழுதுங்கள். ஐப்பசியில் ஒரு முறை, சித்திரையில் ஒரு முறை, அதே கரையில் அதே இடத்தில் நின்று எழுதுங்கள். பிறப்பு வரி இரண்டு தடவையும் மாறாது. பிழைப்பு வரி எப்போதாவது மாறும், மாறினால் உடனே ஊராட்சியில் சொல்ல வேண்டிய செய்தி அது. நிலை வரி இரண்டு பருவத்திலும் ஒரே மாதிரி இருந்தால், கண்மாயைப் பார்க்காமல் போன தடவை எழுதியதைப் பார்த்து எழுதியிருக்கிறோம் என்று அர்த்தம்.